வாசல் அந்தப் பக்கம்

ஜூலை 14, திங்கள்

லாரி 9.15-க்கு வந்திருக்க வேண்டும். வந்தது 10.22-க்கு. இன்றைய நல்ல நேரம் 9.15 முதல் 10.15 வரை என்று காலண்டரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஏழு நிமிடம் தாண்டிப்போச்சு. ஈரோடு பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஒரு நிமிடம் கூடுதலாக நின்ற வண்டியை விசில் ஊதியே விரட்டியவன். நேரம் தவறி வந்த லாரியில் இந்த நாச்சிமுத்து ஏறுவானா?

"அப்ப நீங்க வரலீங்களா?" என்றாள் இந்திராணி.

"நேரம் போயிருச்சு. வேற நல்ல நாள் பாத்து வர்றேன்."

"வியாழக்கெழம ஆடி பொறக்குதுங்க. வேற நாள் எங்க இருக்குது?"

"அத லாரிக்காரனக் கேளு."

அவள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ரிடையர் ஆனவள். ஊசிக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் ஒளிகிற ஆளைப் பார்ப்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தாள். பால் காய்ச்ச வாங்கிய புதுப் பித்தளைப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். லாரி போய்விட்டது.

விவரம் எழுதிவிடுகிறேன். இந்த வீட்டைப் போன வெள்ளிக்கிழமை விற்றுப் பத்திரம் பதிந்தாயிற்று. வாங்கியவர் மோகனசுந்தரம், பவானி ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். ஆடிக்கு முன்னால் காலி செய்து கொடுப்பதாகச் சொன்னதும் நான்தான். பதிவு அலுவலகக் கூட்டத்தில் மனுசன் என்னத்தையாவது சொல்வான். இந்திராணி போயிருப்பது பெருந்துறை ரோட்டில் அவள் வாங்கிய பிளாட்டுக்கு.

என்னிடம் மிச்சம்: கட்டில், பக்கெட், கரண்ட் அடுப்பு, காபி பில்டர், காலண்டர், இந்த டைரி. டைரி மகள் தேன்மொழி ஓசூரிலிருந்து கொண்டுவந்தது. ஏழு மாதமாகக் காலியாகக் கிடந்தது. இப்போது எழுத நேரம் இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

மோகனசுந்தரம் போன் செய்து வீட்டுச் சாவி கேட்டார். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஜூலை 16, புதன்

மோகனசுந்தரம் நேரிலேயே வந்துவிட்டார். கையில் கலர் அட்டை. ஹாலுக்கு எந்தக் கலர் அடிக்கலாம் என்று என்னிடமே கேட்கிறார். ரொம்ப மரியாதையான பிள்ளை. வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "கொஞ்சம் நகுந்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டுவார் போல.

"சாமானெல்லாம் எடுத்தாச்சுங்களா சார்?"

"எடுத்தாச்சு. நான்தான் பாக்கி. நாளைக்கு ஆடி."

அவர் முகம் மாறிவிட்டது. "அட ஆமாங்க! ஆடியில போயி உங்கள வூடு மாறச் சொல்லுவனுங்களா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க. இருந்துட்டு ஆவணியில போங்க."

நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார். இது இங்கே பதிவாகட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

இந்த வீடு விற்றுப்போனது ஒரு காபியால்.

கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை வரும். எந்த வீட்டில் வரவில்லை? சண்டை முற்றினால் நான் ஒன்று சொல்வேன்: "இது என் வீடு. புடிக்கலீனா வாசல் அந்தப் பக்கம்." கையை வேறு நீட்டிக் காட்டுவேன். கோபத்தில் வருவதுதான். பத்து நிமிடத்தில் மறந்துவிடுவேன். குழம்பில் உப்பு கூடியதற்குச் சொல்லியிருக்கிறேன், அவள் தம்பி நாலு நாள் கூடுதலாகத் தங்கியதற்குச் சொல்லியிருக்கிறேன், ஒருமுறை டிவி சத்தத்துக்கும் சொல்லியிருக்கிறேன். அவள் பதில் பேச மாட்டாள். சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள்.

போன சித்திரையில் காபி ஆறிப்போய் வந்தது. அன்றைக்கும் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவப் போகவில்லை. உட்கார்ந்து, "நான் ஒரு பிளாட் வாங்கிட்டனுங்க. என் பேர்ல. நேத்துத்தான் பதிஞ்சுது" என்றாள். என்னமோ மல்லித்தழை வாங்கியதைச் சொல்வது போல.

"அப்படீன்னா நான் இந்த வீட்டையே வித்துப் போடுவேன்!" என்றேன்.

"வித்துப் போடுங்க" என்றாள்.

அந்த வார்த்தை டீக்கடை வரைக்கும் போய்விட்டது. மூன்றாம் நாள் தரகர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். ஊரெல்லாம் தெரிந்த பிறகு இல்லை என்று சொல்ல முடியுமா? எனக்கென்று ஒரு பேர் இருக்கிறது.

பிளாட்டை ஒருமுறை போய்ப் பார்த்தேன். மூன்றாவது மாடி. காற்று நன்றாக வருகிறது. கதவில் பித்தளைப் பலகை: இ. இந்திராணி, கிராம சுகாதார செவிலியர் (ஓய்வு). வேறு பேர் எதுவும் இல்லை. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. எழுத்து நன்றாகத்தான் வெட்டியிருந்தார்கள்.

ஜூலை 26, சனி

பக்கத்து வீட்டு அவினாசியப்பன் காம்பவுண்டுக்கு மேல் தலையை நீட்டி, "என்ன மாப்ளே, ஆடிக்குப் பிரிச்சு வெச்சுட்டாங்களா?" என்றான். புது ஜோடிகளை ஆடியில் பிரித்து வைப்பார்கள். எனக்கு அறுபத்தாறு வயது. சிரித்துத் தொலைத்தேன்.

இந்திராணி போன் செய்தாள்.

"காபி குடிச்சீங்களா?"

"ஆச்சு. நீ?"

"வரக்காப்பி."

"ஏன், பால் வரலியா?"

"வருது" என்றாள். பிறகு மோட்டார் போட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று பேச்சை மாற்றிவிட்டாள். கொழுப்புச் சத்து கூடிவிட்டதோ என்னமோ. செவிலியர் ஆச்சே, அவளுக்குத் தெரியாததா.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. காவிரியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்கக் கருங்கல்பாளையம் போனேன். தண்ணீர் பார்க்கத்தான் போனேன். அங்கே இந்திராணி, பிளாட் பெண்கள் நாலு பேரோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மஞ்சள் கயிற்றை நீட்டி, "வந்தது வந்தீங்க, முடி போட்டு உட்டுட்டுப் போங்க" என்றாள். போட்டுவிட்டேன். அந்தப் பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கரையில் டீக்கடை. அவள் ஒரு டீ குடித்தாள். உடனே இன்னொன்று சொன்னாள். அதையும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். இத்தனை வருடத்தில் அவள் கடை டீயை மெச்சி நான் பார்த்ததில்லை. ஆள் கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.

"எப்ப வர்றீங்க?" என்று கேட்டாள்.

"ஆவணி பொறக்கட்டும்."

"பொறந்துருமுங்க" என்றாள். "அது யாரையும் கேட்டுட்டுப் பொறக்கறதில்ல."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. காலண்டரை உட்கார்ந்து படித்தேன். எனக்கு இரண்டு நாள் சந்திராஷ்டமம். அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் கிளம்பக் கூடாது. அதற்கப்புறமும் அமாவாசை வரை தேய்பிறை. தேய்பிறையில் கிளம்பலாம் என்று அவினாசியப்பன் சொல்கிறான். அவன் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தேன்மொழி போனில் கத்தினாள். "அப்பா, வீட்ட வித்தவங்க வீட்ட உட்டு வெளிய போகோணும். விக்கறதுன்னா அதுதான்!"

"எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்ப்பா அங்கயே உக்காந்திருக்கறீங்க? அம்மா உங்கள அங்க என்ன பண்ணிரப் போறாங்க?"

போனை வைத்துவிட்டேன். சிக்னல் சரியில்லை.

அவள் என்ன பண்ணுவாள்? ஒன்றும் பண்ண மாட்டாள். என்றைக்காவது ஒரு நாள், அந்த பிளாட்டில், நான் காபி ஆறிவிட்டது என்று சொல்லும்போது, அவள் எழுந்து நின்று கையை நீட்டி... அப்படியெல்லாம் நான் நினைக்கவில்லை. சும்மா எழுதினேன். இன்று மோட்டார் சரியாகத் தண்ணீர் ஏற்றவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மோகனசுந்தரமும் அவர் மனைவி வளர்மதியும் வந்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. என்னமோ பொண்ணு கேட்டு வந்தவர்கள் மாதிரி கட்டிலின் நுனியில் உட்கார்ந்தார்கள். நாற்காலி இல்லை.

"உங்கள அவசரப்படுத்தறமுன்னு நெனச்சுக்காதீங்க சார்" என்றார் மோகனசுந்தரம். "நாங்க குடியிருக்கற வீட்டுக்காரரு பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்காருங்க. அஞ்சாந் தேதிக்குள்ள நாங்க காலி பண்ணியாகோணுமுங்க."

"நாலாந் தேதி நல்ல முகூர்த்தமுங்க" என்றாள் வளர்மதி. "அதையும் உட்டா அப்புறம் புரட்டாசி வந்துருமுங்க. புரட்டாசியில பால் காய்ச்ச முடியாதுங்களே."

எனக்கே பாவமாக இருந்தது. நான் அரக்கன் இல்லை. "அதுக்கென்ன, நாலாந் தேதி வந்து பால் மட்டும் காய்ச்சிக்கங்க. முகூர்த்தம் உங்களுது. நான் இந்த சின்ன ரூமுல ஒரு ஓரமா இருந்துக்கறேன்" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரொம்ப சந்தோசமுங்க" என்றார் மோகனசுந்தரம். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அவர்கள் போனதும் உட்கார்ந்து பஸ் ஷெட்யூல் மாதிரி ஒன்று போட்டேன். செப்டம்பர் 4: பால் காய்ச்சிவிட்டுப் போய்விடுவார்கள். செப்டம்பர் 17: புரட்டாசி, யாரும் வீடு மாற மாட்டார்கள். ஐப்பசி: தீபாவளிச் சமயத்தில் யார் சாமான் தூக்குவார்கள்? கார்த்திகை: மழை. மார்கழி: பேச்சே இல்லை. தை வரைக்கும் வண்டி ஓடும். அரை பாக்கெட் பிஸ்கட்டை நிம்மதியாகத் தின்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை 5.50: நாற்பது பேர் வந்தார்கள். நான் நாலு பேர் என்று நினைத்திருந்தேன்.

6.05: ஒரு பசுவும் கன்றும் வந்தன. பசு ஹாலுக்குள் நுழைந்ததும் நேராக என் கட்டிலிடம் வந்து, அதன்மேல் கிடந்த காலண்டரைக் கடித்தது. நான் பிடுங்குவதற்குள் புரட்டாசி முழுவதும் ஐப்பசியில் பாதியும் போய்விட்டது. பிறகு ஹால் நடுவில் கோமியம் விட்டது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

6.20: பசு வெளியே போக மாட்டேன் என்கிறது. மாட்டுக்காரர் இழுக்கிறார், மோகனசுந்தரம் "கொஞ்சம் வாங்க, வாங்க" என்று கெஞ்சுகிறார். அது நகரவில்லை. முகூர்த்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, "எடு, எடு, எடு! நின்னது போதும், வண்டிய எடு!" என்று ஒரு சத்தம் போட்டேன். பஸ் ஸ்டாண்டே அடங்கும் சத்தம் அது. பசு கன்றைக்கூடப் பார்க்காமல் வெளியே ஓடிவிட்டது.

"சார் சொன்னா மாடே காலி பண்ணுதுங்க!" என்றார் மோகனசுந்தரம். கள்ளமில்லாமல்தான் சொன்னார். நாற்பது பேரும் சிரித்தார்கள். வளர்மதி மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

6.40: பால் பொங்கியது. முதல் டம்ளரை வளர்மதி என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். "வூட்டுக்கு வந்தவங்களுக்குத்தான் மொதல்ல குடுக்கோணுமுங்க."

வீட்டுக்கு வந்தவன். நான். இருபத்தெட்டு வருடம் முன்னால் இந்த வீட்டு அஸ்திவாரத்தில் என் கையால் கல் எடுத்து வைத்திருக்கிறேன். பாலை வாங்கிக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

மதியம் பந்தி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். இவர்கள் இருவரும் கிளம்பவில்லை. பாய் விரித்தார்கள்.

"என்ன தம்பி, போகலியா?"

"பால் காய்ச்சின வூட்டுல அன்னிக்குத் தங்கோணுமுங்களே சார். அடுப்பு எரிஞ்ச வூட்ட வெறுமனே உடக் கூடாதுங்க."

இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நாலாந் தேதி காய்ச்சிக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது ஞாபகம் வந்ததா? வரவில்லை. முப்பத்தொரு வருடம் வண்டி புறப்படும் நேரம் எழுதிய புத்தி இது.

செப்டம்பர் 5, வெள்ளி

ஒரு நாள் தங்கினால் மூன்று நாள் தங்க வேண்டுமாம். சாமான்கள் வந்து இறங்குகின்றன. பாத்ரூமுக்கு நான் மூன்றாவது ஆள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை. "கூச்சப்படாமச் சாப்பிடுங்க சார்." "இட்லி இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" "பேன் போட்டுக்கங்க, கரண்டப் பத்தி நெனைக்காதீங்க." என் வீட்டு பேனை நான் போட எனக்கு அனுமதி கிடைக்கிறது.

இந்திராணி போன் செய்தாள். "ரெண்டு குடித்தனமாமா? தேன்மொழி சொன்னா." குரலில் சிரிப்பா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "பதினாலாந் தேதிதானுங்க ஆவணியில கடைசி நல்ல நாளு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் ஹாலில் சத்தம். கலர் பற்றி. அவருக்குக் கிளிப்பச்சை வேண்டும், கடையில் நிறைய இருக்கிறதாம். வளர்மதிக்குச் சந்தன நிறம். நான் என் ரூமில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பது போல இருந்தேன்.

"பச்சையப் பாத்துப் பாத்துக் கண்ணு வலிக்குமுங்க" என்றாள் அவள்.

"எனக்குத் தெரியும். நீ சும்மா இரு."

"நானுந்தானுங்க இங்க இருக்கப் போறேன்."

அப்போது அந்த மரியாதைக்காரப் பிள்ளை, நாய்க்கும் மாட்டுக்கும் வாங்க போங்க போடுகிறவர், பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினார்: "இது என் வூடு! புடிக்கலீனா வாசல் அந்தப் பக்கம்!"

என் குரல்தான் கேட்டது எனக்கு. அதே ஹால், அதே வாசல். கதவிடுக்கில் பார்த்தேன், கைகூட நீண்டிருந்தது. வளர்மதி சமையலறைக்குள் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவும் சத்தம். காலை டிபன் பாத்திரமெல்லாம் அவள் எட்டு மணிக்கே கழுவிக் கவிழ்த்துவிட்டாள், நான் பார்த்தேன்.

பேப்பரைப் போட்டுவிட்டு ஹாலுக்குப் போனேன். மோகனசுந்தரம் பதறி, "சாரிங்க சார், உங்க முன்னால" என்றார்.

"எங்கிட்ட என்னத்துக்குச் சாரி? தம்பி, அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க. நான் இதே எடத்துல நின்னு சொல்லிச் சொல்லித்தான் இன்னிக்கு ஒரு கட்டிலோட உக்காந்திருக்கேன்."

அவருக்குப் பாதி புரிந்தது போலத் தலையை ஆட்டினார். பிறகு சமையலறைப் பக்கம் போனார். நான் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எழுத்து கோணலாகத்தான் வருகிறது.

செப்டம்பர் 10, புதன்

வளர்மதி காபி கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"சார், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே. நேத்து மதியம் மனசு சரியில்லாம அக்காவப் பாக்கப் பெருந்துறை ரோட்டுக்குப் போயிருந்தனுங்க."

"எந்த அக்கா?"

"உங்க வூட்டு அக்காதானுங்க. வூடு பாக்க வந்தப்பவே பழக்கமுங்க. எனக்கு வரக்காப்பி குடுத்தாங்க. 'தப்பா நெனச்சுக்காத கண்ணு, இந்த வூட்டுல இன்னும் பால் காய்ச்சல. அவரு வந்தாத்தான் காய்ச்சோணும். காய்ச்சாத வூட்டுல எப்படிப் பால் கலக்கறது'ன்னாங்க. ரெண்டு மாசமாச்சுங்களாமா. டீ வேணுமின்னா கீழ கடைக்குப் போயிக் குடிச்சுட்டு வர்றாங்களாமா."

காபியைப் பார்த்தேன். நல்ல பால், நுரை கட்டியிருந்தது. ஜூலை 26-ம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "கொழுப்புச் சத்து" என்று எழுதி வைத்திருக்கிறேன், மடையன்.

அந்தக் காபியை என்னால் குடிக்க முடியவில்லை. வளர்மதியையே எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டு நாளாக வரக்காப்பி குடித்துப் பார்த்தேன். கசப்பு. தூ.

செப்டம்பர் 13, சனி

சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மோகனசுந்தரத்திடம் கொடுத்தேன். பெரிய வாசல், சமையலறை, பின்கட்டு, மொட்டை மாடி, எல்லாச் சாவியும் அதில்.

"நீங்களே ஞாபகார்த்தமா வெச்சுக்கங்க சார்" என்றார். "நாங்க பூட்ட மாத்தி நாலு நாளாச்சுங்க."

ஹாலில் சந்தன நிறம் ஒரு கோட் அடித்திருக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

நல்ல நேரம் 7.45 முதல் 8.45 வரை. 7.20-க்கே மோகனசுந்தரத்தின் கடை லோடு ஆட்டோவில் கட்டிலும் பக்கெட்டும் ஏறிவிட்டன. வளர்மதி வாசலில் வந்து நின்று, "அடிக்கடி வாங்க சார்" என்றாள். வருகிறேன் என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தேன், ஒரு தடவை.

பன்னீர்செல்வம் பூங்கா தாண்டியதும் டயர் பஞ்சர். பஞ்சர் ஒட்டும் கடை எதுவும் திறக்கவில்லை. ஸ்டெப்னியில் காற்று இல்லை. ஒருவழியாக வண்டி கிளம்பியபோது 9.25. நாற்பது நிமிடம் லேட்.

வண்டியை ஓட்டிவந்த மோகனசுந்தரம் தயங்கினார். "நல்ல நேரம் போயிருச்சுங்க சார். நீங்க இதெல்லாம் பாக்கறவரு. திரும்பிப் போயிட்டு வேற நாள்..."

"எடுங்க தம்பி வண்டிய!" என்றேன்.

மூன்றாவது மாடி. பித்தளைப் பலகை பளபளவென்று துடைத்திருந்தது. மணியை அழுத்தினேன். இந்திராணி கதவைத் திறந்தாள். நான் உள்ளே காலை வைக்கவில்லை. அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக என் பெண்டாட்டியிடம் கேட்டேன்.

"உள்ள வரலாமா?"

அவள் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பின்னால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க நின்ற மோகனசுந்தரத்தையும் பார்த்தாள்.

"இது என் வீடு" என்றாள்.

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அறுபத்திரண்டு நாளும் இதற்குத்தான். இப்போது எழுதிவிட்டேன், இனி மறைக்க ஒன்றும் இல்லை. எனக்குத் திருப்பிக் கொடுக்க அவளிடம் அந்த வார்த்தை எத்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் படியேறினேன்.

"வாசல்..." என்று இழுத்து நிறுத்தினாள். வேண்டுமென்றேதான் நிறுத்தினாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "வாசல்லயே நிக்காதீங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க. பால் வாங்கி வெச்சு ரெண்டு மணி நேரமாச்சு."

"நான் வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. ஆவணியில ஒவ்வொரு நல்ல நாளைக்கும் வாங்கி வெச்சேன். இது அஞ்சாவது பாக்கெட்டு. நாலும் வாட்ச்மேனுக்குப் போச்சு. அவரு நீங்க வராம இருக்கோணுமின்னு சாமி கும்பிட்டுட்டிருக்காரு."

அந்தப் பித்தளைப் பாத்திரத்தில் பால் பொங்கியது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எத்தனை மணி என்று கேட்டால் தெரியாது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதல் டம்ளர் என்பதால் மோகனசுந்தரத்துக்குக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினார். மிச்சப் பாலில் நான் காபி கலந்தேன். ஆமாம், நான்தான். டிக்காஷன் கொஞ்சம் தண்ணியாகப் போய்விட்டது. ஆற்றாமல் சூடாகக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

இந்திராணி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்தது. புது வீட்டுச் சமையலறையில் புகை போக வழியில்லை என்று எழுதலாம். ஆனால் அது கேஸ் அடுப்பு.

"தண்ணிக் காப்பி" என்றாள் டம்ளரை வைத்துவிட்டு. "பரவால்ல, பழகிக்குவீங்க."

சாயங்காலம் பலகையைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தேன். கீழே இன்னொரு பேருக்கு இடம் இருக்கிறதே என்றேன்.

"பாக்கலாமுங்க" என்றாள். "மொதல்ல தை வரைக்கும் இருந்து காட்டுங்க."

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. புதுக் காலண்டர் வாங்கி மாட்டியாயிற்று. இந்த மாதம் யாரும் வீடு மாறக் கூடாது. யாரையும் வீட்டை விட்டு அனுப்பவும் கூடாது. இந்திராணிக்கு இதைப் படித்துக் காட்டினேன்.

அடுத்து தீபாவளி வருகிறது. அதற்கப்புறம் மழை.